வாரண்டி அட்டையின் கடைசி வரி

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் வீட்டு பீரோவில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, வாஷிங் மெஷின் இவற்றின் வாரண்டி அட்டைகள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும். அவற்றை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் உண்டாகும் பழுதுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. போன வாரம் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைத்த ஒன்பது அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்பதிலும் ஏதோ ஒரு வடிவில் அந்த வரி இருந்தது. அதனால் எந்தக் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.

இதை நான் தேடிப் பார்க்கக் காரணம் என் அக்கா. ஆலத்தூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் மகனோடு இருக்கிறார். பதினான்கு வருடமாகச் சர்க்கரை, தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. மே மாதம் அந்த வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. வாங்கி எட்டு மாதம்தான். பழுது பார்க்க ஆள் வந்து சேர மூன்று நாள். வந்தவர் பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போயிடுச்சுங்க. வோல்டேஜ் பிரச்சினை. வாரண்டியில வராது" என்று சொல்லிவிட்டார். புதுக் கம்ப்ரசர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். திறக்காத இன்சுலின் பாட்டில்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நம்மூர் மே மாத வெயிலில் மூன்று நாள் கிடந்ததை இனி நம்ப வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு தனி.

என் மருமகன் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கிளம்பினான். கடைக்காரர் என்ன செய்வார் பாவம், அவர் சட்டைப்பையில் கம்ப்ரசரா வைத்திருக்கிறார்? நான் போய் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். மூன்று நாள் அவர்கள் வீட்டிலேயே தங்கி, நேரம் போட்டு நோட்டில் எழுதினேன். மாலை 7 மணிக்கு 172 வோல்ட். இரவு 10 மணிக்கு 188. விடியற்காலை 3 மணிக்கு 249. ஒரே பிளக், ஒரே வீடு, ஒரே நாள்.

இருக்க வேண்டியது எவ்வளவு? 230 வோல்ட். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54-ஆவது விதி, வீடுகளுக்குக் கொடுக்கும் தாழ்வழுத்த மின்சாரம் சொன்ன அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்றது. நம் கணக்கில் சுமார் 216-க்கும் 244-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நான் எழுதிய மூன்று எண்களில் ஒன்றுகூட அதற்குள் இல்லை.

மின்சாரத்தில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று அதிர்வெண், நொடிக்கு 50 சுற்று. இது நாட்டுக்கே பொதுவானது. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து பெரம்பலூரிலும் பஞ்சாபிலும் ஒரே துடிப்பு. அந்த வேலையை நம் நாட்டுப் பொறியாளர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது விஷயம் மின்னழுத்தம். அது தெருவுக்குத் தெரு மாறும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் 225 இருக்கும்போது, கம்பி ஒரு கிலோமீட்டர் ஓடி முடிகிற கடைசி வீட்டில் 175 இருக்கும். வாய்க்கால் தலைமடை, கடைமடை மாதிரிதான். எங்கள் அக்கா வீடு கடைமடை.

குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் ஏன் கருகுகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. "கரண்ட் கம்மியா வந்தா மெதுவா ஓட வேண்டியதுதானே, ஏன் எரியணும்?" என்று என் அக்காவே கேட்டார். நியாயமான கேள்வி. பழைய குண்டு பல்பு அப்படித்தான் நடந்துகொள்ளும், மங்கலாக எரிந்துவிட்டுப் போகும். மோட்டார் அப்படி இல்லை. அதன் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 172 என்றால் நான்கில் மூன்று பங்கு. இருமடி போட்டால் 56 சதவீத விசைதான் மிஞ்சும். கம்ப்ரசருக்குள் அழுத்தமாக நிற்கும் வாயுவைத் தள்ளிக் கிளம்ப அந்த விசை போதாது. கிளம்ப முடியாத மோட்டார் சும்மா நிற்காது. ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். சுருளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடி. பாதுகாப்புக்கு வைத்திருக்கும் சின்ன ரிலே சூடேறித் துண்டிக்கும், ஆறும், மறுபடி சேர்க்கும். மாலை நேரத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்... டிக்' என்று கேட்டால், அது கிளம்ப முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அக்கா வீட்டில் அந்தச் சத்தம் ஒரு மாதமாகக் கேட்டிருக்கிறது. பல்லி என்று நினைத்திருக்கிறார்கள்.

வயல் மோட்டாருக்கும் இதே கணக்குதான். நம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று பேஸ் வரும் நேரம் போதாமல், இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு ஓட்டுவதும், அது தாங்காமல் காயில் கட்டக் கொண்டுபோவதும் ஊர் ஊராக நடக்கிறது. காயில் கட்டுகிற என் பழைய மாணவன் ஒருவன், "சார், பங்குனி சித்திரையிலதான் நமக்குத் தீபாவளி" என்று சிரித்தபடி சொன்னான். சிரிப்பு வரவில்லை எனக்கு.

இனி நான் எழுத வந்த விஷயம். ஒரு மின்சாதனம் இப்படிப்பட்ட மின்சாரத்தைத் தாங்குமா என்று விற்பதற்கு முன்பே சோதித்துப் பார்க்க முடியாதா? முடியும். அதற்கென்றே சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. சென்னை தரமணியில் மத்திய அரசின் 'சமீர்' நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. பெங்களூரில் 1960-இல் தொடங்கிய மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தனியார் கூடங்களும் உண்டு. அப்படி ஒன்றில் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பையன் வேலை செய்கிறான். பெயர் வேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் எனக்குப் பாடம் எடுத்தான். காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள்!

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன். சோதனைக்கூடத்தில் சாதனத்தைச் சுவர் பிளக்கில் செருகுவதில்லை. வேண்டுமென்றே கெட்ட மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு எந்திரத்தில் செருகுகிறார்கள். ஐ.இ.சி. 61000 என்று சர்வதேச வரிசை ஒன்று இருக்கிறது. அதில் 4-11 என்ற பகுதி மின்னழுத்தச் சரிவுக்கானது. அரைச் சுற்று நேரம், அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு, மின்சாரத்தை முழுவதும் நிறுத்திப் பார்ப்பார்கள். பிறகு ஒரு முழுச் சுற்று. பிறகு மின்னழுத்தத்தை 70 சதவீதத்துக்கு இறக்கி அரை நொடி. பிறகு 5 நொடி முழு நிறுத்தம். ஒவ்வொன்றையும் மூன்று முறை, நடுவில் மூச்சு விட இடைவெளி கொடுத்து. சாதனம் ஓடிக்கொண்டே இருந்ததா, நின்று தானாகக் கிளம்பியதா, ஆள் வந்து பொத்தானை அமுக்க வேண்டியிருந்ததா, செத்தே போனதா என்று குறித்துக்கொள்வார்கள்.

4-5 என்ற பகுதி இடி மின்னலுக்கும் லைனில் சுவிட்ச் போடுவதால் வரும் அதிர்ச்சிக்கும். ஒரு மைக்ரோ நொடியில் ஏறி ஐம்பது மைக்ரோ நொடியில் பாதியாக இறங்கும் உதையை 500 வோல்ட், 1,000, 2,000, தேவைப்பட்டால் 4,000 என்று கொடுத்துப் பார்ப்பது. 4-4 என்பது பக்கத்தில் மோட்டார் சுவிட்ச் போடும்போது வரும் சின்னச் சின்னக் கூர்முனைகளுக்கு. இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒரே மகிழ்ச்சி. பொருளுக்கும் அரையாண்டுத் தேர்வு, முழு ஆண்டுத் தேர்வு!

ஆனால் வாத்தியார் புத்தி விடுமா? பாடத்திட்டம் என்ன என்று கேட்டேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வீட்டுச் சாதனங்களின் பாதுகாப்புக்கு நம்மிடம் ஐ.எஸ். 302 என்ற தரம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பின்னால் இருப்பது அதுதான். ஷாக் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது என்பது அதன் முதல் கவலை. சரியான கவலை. அதில் மோட்டார் உள்ள சாதனம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கும் சோதனையில், மின்னழுத்தத்தை 0.94 மடங்கிலிருந்து 1.06 மடங்கு வரை மாற்றிப் பார்க்கிறார்கள். 230-க்குக் கணக்குப் போடுங்கள். அதே 216, அதே 244! மின்வாரியம் விதிப்படி கொடுக்கும் என்று நம்பி எழுதிய வினாத்தாள் அது. 61000 வரிசையில் சரிவு வருகிறது, ஆனால் அரை நொடி, ஐந்து நொடி. நம்மூர்ச் சரிவு மாலை 6 மணிக்கு வந்து இரவு 10 மணி வரை உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஆலத்தூர் மாலை நேரம் இந்தப் பாடத்திட்டத்திலேயே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடுவார்கள். இங்கே ஃபெயில் ஆன சாதனத்துக்கு அபராதம் கட்டுவதும் பெற்றோர்தான்.

என் கருத்து இது. எந்த மின்னழுத்தத்திலிருந்து எந்த மின்னழுத்தம் வரை இந்தப் பொருள் பழுதில்லாமல் ஓடும், எவ்வளவு உதை தாங்கும் என்று சோதித்து, அந்த எண்களைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அந்த எல்லைக்குள் பழுதானால் 'வோல்டேஜ் பிரச்சினை' என்று சொல்லி வாரண்டியை மறுக்க வழி இருக்கக் கூடாது.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் செல்போனின் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அக்கா வீட்டில் 172 வோல்டில் ஃபிரிட்ஜ் செத்தபோது, அதே பிளக்கில் பேரனின் சார்ஜர் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்தது. உலகம் முழுவதும் விற்கும் பொருள் என்பதால் அதை அப்படிச் செய்கிறார்கள். இப்போது வரும் இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜ், ஏ.சி. சிலவற்றில் 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று விளம்பரம் செய்து, எல்லையையும் அச்சிடுகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். அப்படியானால் நம்மூர் மின்சாரம் எப்படி இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்றுதானே அர்த்தம்? முகப்பில் ஒன்றும் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதினால் எதை நம்புவது?

நட்சத்திர ஸ்டிக்கர் கதை நினைவிருக்கிறதா? 2006-இல் தொடங்கியபோது கம்பெனிகள் விரும்பினால் ஒட்டலாம் என்றுதான் இருந்தது. 2010-இல் சில வகை ஃபிரிட்ஜ், ஏ.சி. போன்றவற்றுக்குக் கட்டாயம் ஆனது. இன்று நாலாம் வகுப்போடு நின்ற என் மாமியார்கூடக் கடையில் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார். மின்னழுத்த எல்லைக்கும் அப்படி ஒரு ஸ்டிக்கர் வந்தால், அதையும் கேட்பார்.

ஐரோப்பாவில் 1996-லிருந்து மின்காந்த இடையூறுகளைத் தாங்கும் தன்மை இல்லாமல் மின்சாதனம் விற்க முடியாது. நம் நாட்டிலேயே தொலைத்தொடர்புக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சோதனையில் இந்த வகைப் பரீட்சைகள் உண்டு. சிப் தயாரிக்கும் ஆலைகளின் எந்திரங்களுக்கு செமி எஃப்47 என்று ஒரு தரம் இருக்கிறதாம். மின்னழுத்தம் பாதியாக விழுந்து 0.2 நொடி இருந்தாலும் எந்திரம் நிற்கக் கூடாது என்கிறது அது. ஆலைக்காரர் கேட்கிறார், விற்பவர் செய்து கொடுக்கிறார்.

ஆலை என்றதும் அரியலூர் ஞாபகம் வருகிறது. 1979-இல் அரசு சிமென்ட் ஆலை வந்தது முதல் அந்தப் பக்கம் சூளைகளுக்குக் குறைவில்லை. சிமென்ட் சூளை என்பது பல பத்து மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய், உள்ளே நெருப்பு, வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போய் அது சுற்றாமல் நின்றால், சூட்டில் குழாயே வளைந்துவிடும். அதனால் தனி டீசல் எஞ்சின் வைத்து மெதுவாகவாவது சுற்ற வைப்பார்கள். வரும் மின்சாரத்தின் தரத்தைப் பதிவு செய்ய மீட்டர், பார்க்க எஞ்சினியர், துண்டிக்க ரிலே எல்லாம் அங்கே உண்டு. தப்பில்லை, நட்டம் பெரிது. ஆனால் எட்டாயிரம் ரூபாய் மாத வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு 6,800 ரூபாய் என்ன சின்ன நட்டமா? அந்த வீட்டில் மீட்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. வாரண்டி அட்டை ஒன்றுதான் இருக்கிறது.

கம்பெனிக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "மின்சாரம் கெட்டது மின்வாரியத்தால். நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?" என்று அவர் கேட்பார். சரிதான். 400 வோல்ட் வந்து எரிந்ததற்கு அவரிடம் கேட்க முடியாது. அதனால்தான் எல்லையை அச்சிடு என்கிறேன், எல்லாவற்றையும் தாங்கு என்று சொல்லவில்லை. அச்சிட்டுவிட்டால் அவருக்கும் நல்லது. 172 வோல்ட் அவர் எல்லைக்கு வெளியே என்றால், என் அக்காவின் புகார் நேராக மின்வாரியத்துக்குப் போகும். இப்போது மூன்று பேரும் மூன்று பக்கம் கையைக் காட்டுகிறார்கள், அக்கா நடுவில் நிற்கிறார்.

விலை கூடும் என்பார்கள். கூடட்டும், கொஞ்சம்தான் கூடும். மின்னல் உதையை உறிஞ்சும் எம்.ஓ.வி. என்ற பொத்தான் அளவு வட்டு சில ரூபாய்தான் என்றான் என் மாணவன். (உதை வாங்க வாங்க அது தேயும், சாகாவரம் பெற்றது இல்லை என்றும் சொன்னான்.) இன்று நாம் கொடுக்கிற விலை என்ன? ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர், டிவிக்கு ஒன்று, ஏ.சி. இருந்தால் அதற்குப் பெரிதாக ஒன்று. கிராமத்தில் இருப்பதற்காக நாம் கட்டும் தனி வரி இது. நகரத்தின் நடுவில் இருப்பவருக்கு இந்த வரி இல்லை. விலை மலிந்த ஸ்டெபிலைசர் 172-க்கெல்லாம் கையை விரித்துவிடுகிறது என்பது இன்னொரு வேடிக்கை.

லைன்மேன்களைத் திட்டி யாரும் கீழே கமெண்ட் போடாதீர்கள். என்னிடம் படித்த நான்கு பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். மழையில் கம்பத்தில் ஏறுகிறவனுக்குப் புது டிரான்ஸ்பார்மர் ஒதுக்கும் அதிகாரம் கிடையாது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதிந்து எண் வாங்குங்கள். மாவட்டத்துக்குள்ளேயே மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, எழுத்தில் கொடுங்கள். மின்னழுத்தப் புகாரை எத்தனை காலத்தில் சரிசெய்ய வேண்டும், தவறினால் எவ்வளவு இழப்பீடு என்பதற்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. அக்கா வீட்டுப் புகாரோடு என் நோட்டின் நகலை இணைத்துக் கொடுத்தோம். தேதி, நேரம், வோல்ட் என்று மூன்று பத்தி. "வோல்டேஜ் சரியில்லை" என்று வாயால் சொல்லும்போது தலையாட்டி அனுப்பியவர்கள், அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்கள். அடுத்த வாரம் ஆள் வந்து லோடு அளந்துகொண்டு போயிருக்கிறார். பார்ப்போம்.

வாரண்டி மறுப்புக்கு வேறு வழி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. ஒருதலைப்பட்சமாக எழுதிய நிபந்தனையைக் கேள்வி கேட்க அது இடம் கொடுக்கிறது. என் மருமகனுக்கு வக்கீலாக இருக்கும் என் மாணவி ஒருத்தி நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் நாங்கள் கேட்டிருப்பது பணம் மட்டும் இல்லை. இந்த மாடல் எத்தனை வோல்டில் சோதிக்கப்பட்டது, அந்த அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

அதற்குள் நீங்கள் செய்யக் கூடியது. ஐப்பசி இடிக்கு முன்னால் எர்த் குழியைப் பாருங்கள். நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். தண்ணீர் ஊற்றி ஈரமாக வையுங்கள். திடீரென்று ஒரு பல்பு பளீரென்றும் இன்னொரு வீட்டில் மங்கியும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம், 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை வரும். யோசிக்காமல் மெயினை அணையுங்கள். தெருவில் ஒரே நேரத்தில் பத்து டிவி போவது இப்படித்தான். மீட்டர் வைத்து அளப்பதைப் பழகாதவர்கள் செய்ய வேண்டாம். பிளக்கில் செருகினால் வோல்ட் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது, அது போதும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். செட்டிகுளம், பாடாலூர், வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, திருமானூர், ஜெயங்கொண்டம் பக்கம் இருப்பவர்கள் மூன்று நாள், மாலை 7 மணிக்கு உங்கள் வீட்டு வோல்ட் எவ்வளவு என்று ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு எத்தனையாவது கம்பம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஃபிரிட்ஜ் பெட்டிகளில் எல்லை அச்சிட்டிருப்பவை எவை, இல்லாதவை எவை என்று போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் தொகுத்து இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு மனு எழுத உத்தேசம். கையெழுத்துப் போட யார் யார் தயார்?

அக்கா இப்போது இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் டப்பா மிதக்கவிட்டு வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் இன்னும் கூடத்தில் துணி மூடி நிற்கிறது. நோட்டீஸுக்குப் பதில் வந்ததும் எழுதுகிறேன்.

- உங்கள் சார்